‘நான்’ என்னும் உணர்வும் உடம்பும்

‘நான்’ என்னும் சொல்லை ஒரு நாளில் எத்தனை முறை சொல்லுகின்றோம் என்பதற்குக் கணக்கு இல்லை. ஆயினும், அச்சொல் எதனைக் குறிக்கின்றது என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று. பெயரைச் சொல்லுவோம், பிறந்த ஊரைச் சொல்லுவோம், தொழிலையும் மொழியையும் சொல்லுவோம். தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மை நோக்கி இக்கேள்வி மற்றவர்களைக் காட்டிலும் அடிக்கடி எழுகின்றது; ஆதலின் விடையும் நாவின் நுனியில் ஆயத்தமாக இருக்கின்றது.

கொச்சியின் பழைய வாணிகப் பகுதியாகிய மட்டாஞ்சேரியில் இரண்டு மூன்று தெருக்களைக் கடப்பதற்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் முதலிய மொழிகள் காதில் விழுகின்றன. மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குகளின் நடுவே குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்தாருக்கும், தாம் யார், எங்கிருந்து வந்தோம், ஏன் வந்தோம் என்பதைக் கூறும் ஒரு வரலாறு உண்டு. அவரவர் ‘நான்’ என்று சொல்லும்போது அந்த வரலாற்றையே பெரும்பாலும் கருதுகின்றனர்.

அவ்வரலாறு முழுவதையும் ஒருவரிடமிருந்து நீக்கிவிட்டதாகக் கற்பனை செய்வோம். கடுங்காய்ச்சலில் கிடந்த ஒருவர் நள்ளிரவில் கண் விழிக்கின்றார். எந்த ஊர், எந்த வீடு, என்ன கிழமை என்பது ஒன்றும் அவருக்குப் புலப்படவில்லை. தம் பெயர்கூட ஒரு கணம் நினைவுக்கு வரவில்லை. ஆயினும், தலை வலிக்கின்றது என்பது அவருக்குத் தெரியும். அந்த வலி யாருடையது என்று அவர் ஐயுறுவதில்லை. பெயரும் ஊரும் வருவதற்கு முன்பே, வலி தம்முடையது என்னும் தெளிவு வந்துவிடுகின்றது. எல்லாவற்றையும் களைந்த பின்னும் எஞ்சி நிற்கும் இந்த மிகச் சிறிய ‘நான்’ எத்தகையது, அது எதனால் ஆயிற்று என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

ஷான் கல்லகர் என்னும் அமெரிக்கத் தத்துவ அறிஞர் 2000ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில், ‘நான்’ என்பதை இரு கூறாகப் பகுத்துக் காட்டினார். ஒன்று, நினைவாலும் எதிர்பார்ப்பாலும், நாம் நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைகளாலும் ஆகிய ‘நான்’. இதனை வரலாற்று நான் என்று கூறலாம். மற்றொன்று, இந்தக் கணத்தில் நிகழும் அனுபவம் என் அனுபவம் என்னும் அளவில் நின்றுவிடும் ‘நான்’. இதற்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. இதனை அடிப்படை நான் என்று அழைப்போம்.

இந்த அடிப்படை நானிலும் இரண்டு உணர்வுகள் பின்னிக் கிடப்பதாக அவர் கூறினார். மட்டாஞ்சேரிப் படகுத் துறையில் ஒருவர் படகில் ஏறுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவராகக் காலெடுத்து வைத்தால், ‘இது என் கால்’ என்னும் உணர்வும் உண்டு. ‘நானே வைத்தேன்’ என்னும் உணர்வும் உண்டு. பின்னாலிருக்கும் கூட்டம் தள்ள, அவர் கால் தானாகவே முன்னே சென்றுவிட்டால், அப்பொழுதும் அது அவர் கால்தான். ஆனால், வைத்தவர் அவர் அல்லர். முன்னதை உரிமையுணர்வு என்றும், பின்னதை வினைமுதல் உணர்வு என்றும் கூறலாம். இயல்பான வாழ்க்கையில் இவ்விரண்டும் எப்பொழுதும் சேர்ந்தே நிற்பதனால் இரண்டென்று நமக்குத் தோன்றுவதில்லை, பிரியும்பொழுதுதான் தெரிகின்றது.

இப்பகுப்பைக் கேட்கும் தமிழருக்கு வியப்பு ஒன்றும் எழாது. ‘நான்’, ‘எனது’ என்னும் இரண்டையும் இணைத்தே பேசுவது நம் சான்றோர் மரபு. செய்பவன் நான் என்னும் எண்ணம் ஒன்று. இது எனது என்னும் எண்ணம் மற்றொன்று. இரண்டையும் துறக்க வேண்டும் என்பது அவர்கள் அறிவுரை. துறப்பதற்காகவே பகுத்தார்களாயினும், பகுப்பு என்னவோ சரியாகவே இருக்கின்றது.

ஆனால், நம் மொழியில் இவ்விரண்டிற்கும் அடியில் மூன்றாவது ஒன்றும் இருக்கின்றது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்கள் இதனை நாள்தோறும் காண்கின்றனர். ஆங்கிலத்தில் பசியைச் சொல்ல வேண்டுமானால், ‘நான்’ என்பதை எழுவாயாக வைத்தே சொல்லுகின்றனர். பசித்திருப்பவனாக நான் இருக்கின்றேன் என்பது போன்றது அவ்வமைப்பு. தமிழில் ‘நான் பசிக்கிறேன்’ என்று எவரும் கூறுவதில்லை. ‘எனக்குப் பசிக்கிறது’ என்கின்றோம். நடப்பதற்கு ‘நான்’, கைக்கும் காலுக்கும் ‘என்’, பசிக்கும் குளிருக்கும் வலிக்கும் தூக்கத்துக்கும் ‘எனக்கு’. நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ இங்கே வந்து நிற்கின்றது. மலையாளத்திலும் ‘எனிக்கு விசக்குன்னு’ என்றே கூறுவர்; இந்தியிலும் ‘முஜே’ என்று தொடங்குவர். பசியை நான் செய்யவில்லை. அதனை ஒரு பொருளைப் போல வைத்திருக்கவும் இல்லை. அது எனக்கு நேர்கின்றது. செய்பவனாகவும் உடையவனாகவும் ஆவதற்கு முன், நேர்வதை ஏற்கும் இடமாக ஒருவன் இருக்கின்றான். காய்ச்சலில் விழித்தவரிடம் எஞ்சியிருந்தது இந்த ‘எனக்கு’ என்பதே.

இந்த ‘எனக்கு’ உடம்பின்றி இல்லை என்பதைப் பல துறையினரின் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. தொல்காப்பியத்தின் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்திருப்பதை நாம் அறிவோம். புல்லும் மரமும் ஓரறிவு உடையன. அந்த ஓர் அறிவு தொடுவுணர்வு. அதன்மேல் சுவையும், அதன்மேல் மோப்பமும், பின்னர்க் காட்சியும் கேள்வியும் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன; ஆறாவதாகவே மனம் வருகின்றது. எதனை முதலில் வைப்பது என்று எண்ணிய இலக்கண ஆசிரியருக்குத் தொடுவுணர்வே முதலாகத் தோன்றிற்று.

பிறந்த குழந்தையிடத்தும் இதற்கு ஒரு சான்று உண்டு. பசித்த குழந்தையின் கன்னத்தைத் தொட்டால் அது தொட்ட பக்கம் திரும்பி வாயைத் திறக்கும் என்பது தாய்மார் அனைவரும் அறிந்ததே. பிலிப் ரோஷா, சூசன் ஹெஸ்போஸ் என்னும் உளநூலார் இருவர் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், பிறந்து ஒரு நாள்கூட நிரம்பாத குழந்தைகளைக் கவனித்தனர். பிறர் விரல் கன்னத்தில் பட்டபோது குழந்தை திரும்பிய அளவுக்கு, அதன் கையே அதன் கன்னத்தில் பட்டபோது திரும்பவில்லை. கை தொடுவதும் கன்னம் தொடப்படுவதும் ஒருங்கே நிகழ்ந்தால் அது தன் தொடுகை. கன்னம் மட்டும் தொடப்பட்டால் அது பிறர் தொடுகை. பெயர் சூட்டப்படாத, கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டறியாத குழந்தைக்கு இவ்வேறுபாடு தெரிந்திருக்கின்றது.

உரிமையுணர்வு எவ்வாறு உண்டாகின்றது என்பதை 1998ஆம் ஆண்டில் வெளியான ஓர் எளிய சோதனை விளக்கிற்று. மேத்யு பாட்வினிக், ஜோனதன் கோஹன் என்னும் இருவர் அதனைச் செய்தனர். ஒருவரின் இடக்கையை மேசைமேல் வைத்து, அவர் கண்ணில் படாதபடி தடுப்பு வைத்து மறைத்தனர். அவர் பார்க்கும்படியாக ரப்பரால் ஆன கை ஒன்றை முன்னே வைத்தனர். பிறகு மறைந்திருந்த உண்மைக் கையையும், தெரியும் ரப்பர்க் கையையும் இரண்டு தூரிகைகளால் ஒரே சமயத்தில், ஒரே விதமாக வருடினர். சிறிது நேரம் சென்றதும், ரப்பர்க் கைமேலேயே தூரிகை படுவதை உணர்வதாகவும், அது தம் கையே போலத் தோன்றுவதாகவும் பலர் கூறினர். கண்ணை மூடிக்கொண்டு இடக்கை இருக்குமிடத்தைக் காட்டச் சொன்னபோது, ரப்பர்க் கை இருந்த பக்கமாகத் தள்ளியே காட்டினர். இரு தூரிகைகளும் ஒத்து அசையாவிட்டால் இம்மயக்கம் மங்கிவிட்டது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ‘இது என் கை’ என்பது ஒரு முறை எழுதி வைத்த பத்திரம் போன்றதன்று. கண் தரும் செய்தியும், தோல் தரும் செய்தியும், மூட்டும் தசையும் தரும் செய்தியும் ஒன்றோடொன்று இசைந்து வருகின்றனவா என்று மூளை இடைவிடாது ஒப்பு நோக்குகின்றது. அவை இசையும் இடத்தில் ‘என்’ என்னும் உணர்வு தோன்றுகின்றது. உயிரற்ற ரப்பரே ஆயினும், செய்திகள் இசைந்தால் அது நம் உறுப்பாகத் தோன்றிவிடுகின்றது.

வினைமுதல் உணர்வுக்கும் இத்தகைய விளக்கம் உண்டு. பிறர் கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிப்புத் தாங்க முடிவதில்லை. நமக்கு நாமே மூட்டிக்கொண்டால் சிரிப்பு வருவதில்லை. இதன் காரணத்தை லண்டனில் சாரா பிளேக்மோர் என்பவரும் உடன் ஆராய்ந்தவர்களும் 1998ஆம் ஆண்டை ஒட்டிச் சோதித்தனர். கையை அசைக்குமாறு ஆணையிடும்போதே, அவ்வசைவினால் என்ன உணர்ச்சி வரும் என்று மூளை முன்கூட்டி மதிப்பிடுகின்றது. வந்த உணர்ச்சி மதிப்பீட்டோடு ஒத்தால் அதன் கூர்மையைத் தணித்துவிடுகின்றது. நம் கையசைவை ஓர் இயந்திரத்தின் வழியாகச் சிறிது தாமதமாகச் செலுத்தினால், நாமே மூட்டிக்கொண்டாலும் கூச்சம் மிகுகின்றது. எதிர்பார்த்ததும் வந்ததும் காலத்தால் ஒத்தால் அது என் செயல். ஒவ்வாவிட்டால் அயலார் செயல்போல் ஆகின்றது.

நான் என்பதன் எல்லை தோலோடு முடிந்துவிடுவதும் இல்லை. கொச்சிக் கோட்டைப் பகுதியின் வெளி என்னுமிடத்தில், ‘தோபிக்கானா’ என்று வழங்கும் சலவைக் கூடம் ஒன்று இருக்கின்றது. தமிழகத்திலிருந்து வந்த வண்ணார் குடும்பத்தினர் பல தலைமுறைகளாக அங்கே தொழில் செய்து வருகின்றனர். டச்சுக்காரர் காலத்தில் படையினரின் ஆடைகளை வெளுப்பதற்காகத் தம் முன்னோர் அழைத்து வரப்பட்டனர் என்பது அவர்களிடையே வழிவழியாக வழங்கும் செய்தி. அங்கே தேய்ப்பவர் கனல் நிறைந்த இஸ்திரிப் பெட்டியைத் துணியின்மேல் ஓட்டும்போது, தம் உள்ளங்கையில் படும் பிடியை உணர்வதாகச் சொல்ல மாட்டார். பெட்டியின் அடியில் கிடக்கும் மடிப்பையே அவர் உணர்கின்றார். உணர்வு கையைக் கடந்து இரும்பின் நுனிக்குச் சென்றுவிடுகின்றது. கண் தெரியாதவர் கைக்கோலின் நுனியால் தரையை அறிவதும் இவ்வாறே. ஹென்றி ஹெட், கார்டன் ஹோம்ஸ் என்னும் லண்டன் நரம்பியல் மருத்துவர் இருவர் 1911ஆம் ஆண்டிலேயே இதனை எடுத்துக் கூறினர். நாம் அறியாமலே மூளையில் உடம்பின் அமைப்பு ஒன்று வரையப்பட்டிருக்கின்றது என்றும், நாம் பழகிக் கையாளும் கருவியும் அதனுள் சேர்ந்துவிடுகின்றது என்றும் அவர்கள் கருதினர்.

சேர்வது போலவே, உறுப்பு நீங்கிய பின்னும் அது நீங்காமல் நிற்பதுண்டு. கையோ காலோ வெட்டி எடுக்கப்பட்டவர்களில் பலர், இல்லாத உறுப்பு இன்னும் இருப்பதாக உணர்கின்றனர். அதில் வலியும் காண்கின்றனர். தமிழகத்தில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு வழி கண்டார். பெட்டி ஒன்றின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நோயாளியின் நல்ல கையின் பிம்பம், இல்லாத கை இருந்த இடத்தில் தெரியுமாறு அமைத்தார். நல்ல கையைத் திறந்து மூடினால், இழந்த கையே திறந்து மூடுவதாகக் கண்ணுக்குத் தெரியும். இறுக மூடிக்கிடந்ததாக உணரப்பட்ட கை திறந்துவிட்டது என்று சில நோயாளிகள் ஆறுதல் அடைந்தனர். எல்லாருக்கும் ஒரே பயன் கிடைத்ததென்று கூற இயலாது. ஆனால், சில ரூபாய் விலையுள்ள கண்ணாடி ஒன்றினால் ‘நான்’ என்பதன் எல்லையைத் திருத்த முடிந்தது என்பது சிந்திக்கத் தக்கது.

இதுகாறும் கூறியவை நான், எனது என்பவற்றைப் பற்றியவை. ‘எனக்கு’ என்பதே அற்றுப்போனால் நேர்வது யாது? அதனை அறிய நாம் வேலூருக்குச் செல்லவேண்டும்.

1914ஆம் ஆண்டில் கொல்லிமலையில், மதப்பணி புரிந்த ஆங்கிலப் பெற்றோருக்குப் பிறந்தவர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் கற்று, 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டில் செங்கற்பட்டிலிருந்த தொழுநோய் மருத்துவ நிலையத்தைக் காணச் சென்றவர், அங்கே விரல்கள் மடங்கிப்போன கைகளைப் பார்த்தார். அத்தகைய கை ஒன்றைப் பற்றி, அழுத்தும்படி நோயாளியிடம் கூறினார். வலிமையற்றிருக்கும் என்று எண்ணிய கை அவர் கையை இரும்புப் பிடியாகப் பிடித்தது. தம் பிடி எதிரிலிருப்பவரை வருத்துகின்றது என்பது நோயாளிக்குத் தெரியவில்லை. அக்கையில் நல்ல தசைகள் மிஞ்சியிருக்கின்றன. உணர்ச்சியே மிஞ்சவில்லை என்பதைப் பிராண்ட் அறிந்துகொண்டார்.

தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்பது அக்கால நம்பிக்கை. பிராண்டும் உடன் பணியாற்றியவர்களும் பல ஆண்டுகள் நோயாளிகளைப் பொறுமையோடு கவனித்தனர். நோய்க்கிருமி நரம்பைக் கெடுக்கின்றது; அதனால் வலி தெரியாமல் போகின்றது. வலி தெரியாதவர் கொதிக்கும் பாத்திரத்தைத் துணியின்றி எடுக்கின்றார். செருப்பில் ஆணி ஏறியிருப்பதை அறியாமல் நடக்கின்றார். புண்பட்ட இடத்தையே மீண்டும் புண்படுத்துகின்றார். துருப்பிடித்த பூட்டைத் திறக்க மருத்துவர் முயன்று கைவிட்டபோது, நோயாளியான சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதில் திருப்பிவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தது. அவன் அதை உணரவில்லை. இரவில் விரல்கள் குறைந்து போவதற்குக் காரணம் காணாது திகைத்தவர்கள், விழித்திருந்து நோக்கியபோது, உறங்குபவரின் விரலை எலி கடிப்பதைக் கண்டனர். அதன்பின் நோயாளிகள் பூனைகளை வளர்க்கலாயினர்.

பிராண்ட் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். 1955ஆம் ஆண்டில் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும் எழுந்தது. ஆனால், கையைச் சீராக்குவதைக் காட்டிலும் கடினமான ஒன்றை அவர் எதிர்கொண்டார். கைகளையும் கால்களையும் பற்றிப் பேசும்போது, அவை தம்மைச் சேர்ந்தவையாகவே தோன்றவில்லை என்றும், பயன்படுத்தும் கருவிகள் போலவே இருக்கின்றன என்றும் நோயாளிகள் சொல்லக் கேட்டார். கண்ணால் காணும்போது கை அங்கே இருக்கின்றது, ஆணையிட்டால் அசைகின்றது. ‘நான்’ இருக்கின்றது, வினைமுதல் உணர்வு இருக்கின்றது. எனினும், அதற்கு நேர்வது ஒன்றும் ‘எனக்கு’ நேர்வதாக இல்லை. ஆகவே ‘என்’ என்பதும் தளர்ந்துவிடுகின்றது. தம்முடையது என்று தோன்றாத பொருளை ஒருவர் எவ்வாறு பேணுவார்? அறிவுரைகள் பயன்படாமற் போனதற்குக் காரணம் நோயாளிகளின் அசட்டை என்று எண்ணுவது கொடுமையாகும்.

1966ஆம் ஆண்டில் பிராண்ட் அமெரிக்காவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே அவரும் உடனிருந்தவர்களும் செயற்கை வலி ஒன்றை உண்டாக்க முயன்றனர். அழுத்தத்தை அளக்கும் சிறு கருவிகளைக் கையுறையிலும் காலணியிலும் பதித்து, அழுத்தம் அளவு கடந்தால் ஒலி எழுமாறு செய்தனர். நோயாளிகள் ஒலியைக் கேட்டனர். கேட்டும் செய்து கொண்டிருந்த வேலையை விடவில்லை. ஒலிக்குப் பதிலாக, உணர்ச்சி உள்ள வேறு இடத்தில் மின்னதிர்ச்சி தரும்படி மாற்றினர். அப்பொழுதும், கடினமான வேலை வந்தால், அதற்கு முன்பாகக் கருவியை நிறுத்திவிட்டு வேலையை முடித்துப் பிறகு மீண்டும் முடுக்கிக்கொள்பவர் இருந்தனர். ஆண்டுகள் சில முயன்றபின் அம்முயற்சி கைவிடப்பட்டது. செய்தி தருவது ஒன்று, வலிப்பது வேறொன்று. செய்தியை நாம் கேட்டு முடிவு செய்கின்றோம். வலியோ நம்மைக் கேளாமலே ‘எனக்கு’ ஆகிவிடுகின்றது. வலியைப் பற்றிப் பிராண்ட் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அதனை எவரும் விரும்பாத நன்கொடை என்று கூறினார். அவர் 2003ஆம் ஆண்டில் காலமானார்.

தொழுநோய்க்கு இன்று கூட்டு மருந்துச் சிகிச்சை விலையின்றிக் கிடைக்கின்றது. காலத்தில் தொடங்கினால் முற்றிலும் குணமாகின்றது. ஆயினும், வேலூரில் கற்ற பாடம் பழம்பாடம் ஆகிவிடவில்லை. நீரிழிவு நோய் பல ஆண்டுகள் கட்டுக்கடங்காதிருந்தால் பாத நரம்புகளைக் கெடுக்கின்றது. அவ்வாறு மரத்த பாதம், தொழுநோயாளியின் பாதம் பட்ட பாட்டையே படுகின்றது. தொழுநோய்ப் புண்ணுக்காக வகுத்த பாதுகாப்பு முறைகளை நீரிழிவுப் புண்ணுக்குப் பயன்படுத்தும் பணியிலும் பிராண்டும் அவர் குழுவினரும் முன்னின்றனர். நம்மிடையே நீரிழிவு இல்லாத குடும்பம் அரிதாகிவிட்ட இந்நாளில், இது யாருக்கோ உரிய செய்தியன்று.

‘மரத்துப் போதல்’ என்று தமிழ் கூறுகின்றது. தொல்காப்பியர் கணக்கில் மரத்துக்கும் தொடுவுணர்வு என்னும் ஓரறிவு உண்டு. மரத்துப்போன பாதத்துக்கு அதுவும் இல்லை. இதில் வஞ்சகம் யாதெனில், வலித்தால் மருத்துவரிடம் செல்லுகின்றோம். வலிக்காமற் போனால் நலமென்று எண்ணி இருந்துவிடுகின்றோம். எரிச்சல் இருந்து, அது தானே அடங்கிவிட்டதென்று மகிழ்பவரும் உண்டு. அடங்கியது எரிச்சலோ, எரிச்சலை அறியும் நரம்போ என்பதைச் சோதித்தே அறியவேண்டும். மருத்துவர் மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் ஊன்றி, தெரிகின்றதா என்று கேட்டு, சில நிமிடங்களில் இதனைக் கண்டுவிடுவார்.

அயல் மாநிலத்தில் வாழ்பவருக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. குத்துதல், குடைதல், கடுத்தல், எரிதல், விறுவிறுத்தல் என்று வலிக்குத் தமிழில் உள்ள நுண்ணிய சொற்களுக்கு ஈடான சொற்கள் வேற்று மொழியில் உடனே நாவில் வருவதில்லை. பெயரையும் தொழிலையும் பிற மொழியில் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். நோவைச் சொல்லும்போது தடுமாறி, ‘வலி’ என்னும் ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகின்றோம். வலியே இல்லாத மரப்பைச் சொல்லாமலே விட்டுவிடுகின்றோம். மலையாளத்தில் ‘மரவிப்பு’ என்றும், தெலுங்கில் ‘திம்மிரி’ என்றும், கன்னடத்தில் ‘ஜோமு’ என்றும், இந்தியில் ‘சுன்ன்’ என்றும் கூறினால் மருத்துவர் குறிப்பை உணர்ந்துகொள்வார். குடியேறிய ஊரில் கடைக்கு வேண்டிய சொற்களைக் கற்பது போலவே இச்சொற்களையும் கற்று வைத்திருத்தல் நன்று.

இவ்வளவும் கேட்டபின் ஓர் ஐயம் எழலாம். ‘நான் இவ்வுடம்பு அன்று’ என்பதன்றோ நம் நாட்டு ஞானியர் கண்ட முடிவு? மட்டாஞ்சேரியிலிருந்து வெகு தொலைவில் இல்லாத, பெரியாற்றங்கரையிலுள்ள காலடியே ஆதிசங்கரர் அவதரித்த தலமென்று போற்றப்படுகின்றது. 1896ஆம் ஆண்டில் மதுரையில், பதினாறு வயது இளைஞராயிருந்த ரமணர், திடீரென்று தோன்றிய மரண அச்சத்தினால் பிணம்போல் கிடந்து, உடல் மாயினும் மாயாதது யாது என்று தம்முள் நோக்கினார். அவ்வாறிருக்க, உடம்பே நான் என்று கூறுவது முரணாகாதோ?

உண்மையில், சங்கரர் பிரம்ம சூத்திர உரையின் முன்னுரையில் ஆராயத் தொடங்குவது இந்த அடிப்படை நானையே. நான் பருத்தவன், நான் இளைத்தவன், நான் நிற்கின்றேன், நான் போகின்றேன் என்று உடம்பின் தன்மைகளை மாந்தர் தம்மேல் ஏற்றிக்கொள்ளுகின்றனர் என்று அவர் காட்டுகின்றார். கோலை ஓங்கியவனைக் கண்டு விலகி ஓடுவதிலும், பசும்புல் ஏந்தியவனை நோக்கி வருவதிலும் விலங்குக்கும் மனிதனுக்கும் வேறுபாடு இல்லை என்றும் கூறுகின்றார். இவ்வேற்றம் உலக வாழ்க்கை முழுவதற்கும் அடிப்படை என்பதை அவர் மறுக்கவில்லை. இறுதியில் அது நிற்குமா என்பதே அவர் கேள்வி. அக்கேள்விக்கு விடை கூற அறிவியல் முற்படவில்லை. ஏற்றம் எவ்வாறு நிகழ்கின்றது, எங்கே முறிகின்றது என்பதையே அது ஆராய்கின்றது. ஞானி உடம்பை விட்டு விலகி நிற்பது தெளிவினால். மரத்த கையை உடையவர் அதனின்று விலகிப் போவது நோயினால். இரண்டையும் ஒன்றென எண்ணுதல் கூடாது.

வேற்றூரில் வாழும் நமக்கு, வரலாற்று நானைப் பற்றிய கவலை மிகுதி. பிள்ளைகள் தமிழ் பேசுவார்களா, ஊர்ப்பெயர் நினைவிருக்குமா என்று அஞ்சுகின்றோம், அவ்வச்சம் நியாயமானதே. அதற்குச் சங்கங்களும் நூல்களும் துணை செய்கின்றன. அடிப்படை நானுக்கு அத்தகைய சங்கம் ஒன்றும் இல்லை. அதனைக் காப்பது தோலும் நரம்பும் மட்டுமே. அவை தளர்ந்தால், தளர்ந்ததென்று முறையிடுவதும் இல்லை.

ஆதலின், நீரிழிவு உடையவர்கள் ஒவ்வோர் இரவும் உறங்கச் செல்லுமுன் தம் பாதங்களைக் கையால் தடவிக் கண்ணால் பார்த்தல் வேண்டும். குனிய இயலாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம். அல்லது வீட்டிலுள்ள இளையவரைப் பார்க்கச் சொல்லலாம். செருப்பை அணியுமுன் உள்ளே கையை விட்டுக் கல்லோ ஆணியோ இருக்கின்றதா என்று தடவிப் பார்க்கவேண்டும். வெந்நீரின் சூட்டைக் காலால் அறிய முயலாமல், முழங்கையால் அறிதல் வேண்டும். நண்பகலில் கோவிற் பிராகாரத்துச் சுடுகல்லில் வெறுங்காலோடு வலம் வருவதைத் தவிர்த்து, காலையிலோ மாலையிலோ வழிபடலாம். ஆண்டுக்கு ஒரு முறையேனும் மருத்துவரிடம் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். வீட்டில் முதியவர் இருப்பின், ‘வலிக்கிறதா’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘தொட்டால் தெரிகிறதா’ என்றும் கேட்டு, அவர் பாதத்தை நாமே தொட்டுப் பார்ப்போமாக.